யார் ஓடுகிறார், எது ஓடுகிறது

ஆங்கிலம்–தமிழ் அகராதி வேலையில் இருந்தவள் என்று தெரிந்தால் பலரும் முதலில் கேட்பது, “ரொம்பக் கஷ்டமான சொல் எது?” என்றுதான். வாயில் நுழையாத அறிவியல் சொல் ஒன்றைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். அப்படிப்பட்ட சொற்கள் எங்களைச் சிரமப்படுத்தியதே இல்லை. ‘ஃபோட்டோசிந்தஸிஸ்’ என்றால் ஒளிச்சேர்க்கை. பாடநூலில் நிலைபெற்றுவிட்ட சொல். ஒரு வரி விளக்கம், ஓர் எடுத்துக்காட்டு, பதிவு முடிந்தது. மாதக்கணக்கில் மேசையிலேயே கிடந்தவை செட், புட், கெட், டேக், ரன் போன்ற சின்னஞ்சிறு வினைச்சொற்கள். ஆரம்பப் பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த சொற்கள். தெரியும் என்ற நினைப்பில் யாரும் இவற்றை அகராதியில் தேடுவதில்லை. வகுப்பிலும் அலுவலகக் கடிதத்திலும் மொழிபெயர்ப்பிலும் அதிகம் தடுக்கி விழுவதும் இவற்றில்தான்.

அகராதி எழுதிய எல்லோருக்கும் இதே பாடுதான். லண்டனில் 1755இல் வெளியான தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன் இந்த வினைச்சொற்களை வரிசையாகப் பெயர் சொல்லிக் குறைப்பட்டிருக்கிறார். இவற்றின் பொருளுக்கு எல்லை கட்ட முடியவில்லை, மூலப்பொருளிலிருந்து வெகுதூரம் விலகிப் போய்விடுகின்றன, போன தடத்தைப் பிடிப்பதும் கடினம் என்பது அவர் ஆதங்கத்தின் சாரம். ‘டேக்’ என்ற ஒரு வினைக்கு மட்டும் அவர் 134 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்.

ஜேம்ஸ் மர்ரே 1879இல் பொறுப்பேற்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது. முழுதும் முடிந்தது 1928இல். அதைப் பார்க்க மர்ரே இல்லை, 1915இலேயே காலமாகிவிட்டார். அந்த அகராதியில் ‘செட்’டை எழுதியவர் ஹென்றி பிராட்லி, ‘ரன்’ இடம்பெறும் ஆர் எழுத்து வில்லியம் கிரெய்கியின் பொறுப்பு. 1989இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைக்கு உரியது: 430க்கும் மேற்பட்ட பொருள்கள், ஏறக்குறைய 60,000 சொற்கள். அடுத்த பதிப்புக்கான திருத்த வேலையில் முதலில் ‘மேக்’, பிறகு ‘புட்’ அதை முந்தின. 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டியது. வினையாக மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு பதிவைத் திருத்தி எழுத, அந்த அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான பீட்டர் கில்லிவருக்குச் சுமார் ஒன்பது மாதம் பிடித்தது.

‘ரன்’ ஏன் இவ்வளவு பெருத்தது என்று ஊகிப்பது கடினமில்லை. நீராவி எந்திரம் வந்ததும் எந்திரம் ஓடியது. ரயில் வந்ததும் ரயில் ஓடியது. ஆலை ஓடியது, அச்சகம் ஓடியது, கணிப்பொறியில் நிரல் ஓடியது. புதிதாக எது இயங்கத் தொடங்கினாலும் ஆங்கிலம் அதை இந்த வினையிடமே ஒப்படைத்தது.

எங்கள் அகராதி அவ்வளவு பெரியதல்ல. மாணவர்களுக்கும், அலுவலகத்தில் ஆங்கிலத் தாள்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கும் என்று திட்டமிட்ட நடுத்தர அளவு அகராதி. செய்தித்தாள், பாடநூல், மோட்டார் கையேடு, தீர்ப்பு நகல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாள், துணியில் தைத்திருக்கும் சலவைக் குறிப்பு என்று கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் வாக்கியங்களை எடுத்து அட்டையில் எழுதுவோம். ஓர் அட்டைக்கு ஒரு வாக்கியம். மேல் மூலையில் தலைச்சொல், கீழே எடுத்த இடமும் தேதியும். கணிப்பொறி வந்த பிறகும் இந்த வினைச்சொற்களுக்கு மட்டும் அட்டையை நாங்கள் விடவில்லை. மேசையில் பரப்பி, ஒரு குவியலிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் நகர்த்திப் பார்க்கும்போது கிடைத்த தெளிவு எங்களுக்குத் திரையில் கிடைக்கவில்லை.

‘ரன்’ அட்டைகளை முதலில் வழக்கமான முறைப்படி தமிழ்ச் சொல்லை வைத்துப் பிரித்தோம். ஓடு, ஓட்டு, நடத்து, இயக்கு, பாய், ஒழுகு, செல், நில், தீர், வெளியிடு என்று குவியல்கள் பெருகிக்கொண்டே போயின. இவற்றைக் காற்புள்ளி போட்டு அடுக்கினால் பதிவு நிறைவாகத்தான் தெரியும். ஆனால் கையில் ஒரு வாக்கியத்தோடு அகராதியைத் திறக்கிற மாணவிக்கு, இந்தப் பத்துப் பதினைந்தில் தனக்கு வேண்டியது எது என்று எப்படித் தெரியும்? ஏற்கெனவே விடை தெரிந்தவருக்குத்தான் அந்தப் பட்டியல் உதவும்.

மேசைப் பக்கம் வந்த பதிப்பாசிரியர் ஐயா குவியல்களை நின்று பார்த்தார். “தமிழை இப்போதைக்கு எடுத்து வச்சிடுங்கம்மா. ஒவ்வொரு அட்டையிலயும் ஓடுறது யாரு, இல்ல எது. யாராவது ஓட்டுறாங்கன்னா எதை ஓட்டுறாங்க. அதை மட்டும் பென்சில்ல ஓரத்துல எழுதிட்டு வாங்க” என்றார்.

எழுதினோம். எழுதி முடித்தபோது மேசை அடங்கிவிட்டது. கால் உள்ளவை ஒரு குவியல்: பிள்ளை, திருடன், குதிரை. நீர்மங்கள் ஒன்று: ஆறு, குழாய், மூக்கு, சாயம். எந்திரமும் வண்டியும் ஒன்று. நீண்டு கிடப்பவை ஒன்று: சாலை, வேலி, மின்கம்பி, விரிசல். காலத்தைச் சுமப்பவை ஒன்று: ஒப்பந்தம், காப்பீடு, நாடகம், தண்டனை. கடையையோ பள்ளியையோ நாட்டையோ நடத்தும் மனிதர்கள் ஒன்று. கையிருப்பு தீர்வது ஒன்று. அதுவரை எட்டுத் திசையிலும் சிதறிய சொல், பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பார்த்ததும் வரிசைக்கு வந்துவிட்டது. இந்தத் தொழிலில் நான் கற்றவற்றில் மிகப் பெரியது இதுதான். இப்படிப்பட்ட வினைகளுக்குத் தனியாகப் பொருள் கேட்டால் கிடைக்காது; யாரோடு, எதோடு சேர்ந்து வந்திருக்கிறது என்று கேட்டால் உடனே கிடைக்கும்.

நீர்மக் குவியலை எங்கே வைப்பது என்று எங்களுக்குள் வாதம் நடந்தது. கால் ஓடுவதே முதற்பொருள், தண்ணீர் ஓடுவது உவமையாகப் பிறந்தது என்றார் குழுவில் இருந்த இளைஞர். சொல்லின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பழைய ஆங்கிலத்திலேயே இந்த வினை மனிதர் ஓடவும் நீர் பாயவும் சேர்த்தே வழங்கியது. ஜெர்மன் மொழியில் இதன் உறவுச் சொற்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன: ‘ரின்னென்’ என்றால் ஒழுகுவது, ‘ரென்னென்’ என்றால் ஓடுவது. தமிழிலும் ஆறு ஓடுகிறது, உடம்பில் ரத்தம் ஓடுகிறது. ஆகவே நீரைக் காலுக்குப் பக்கத்திலேயே வைத்தோம்.

ஆனால் அந்தக் குவியலுக்குள் எல்லாமே ‘ஓடு’ என்று வராது. மூக்கு ஒழுகும். வெண்ணெய் உருகி வழியும். ஆறு வறண்டுபோவதையும் ஆங்கிலம் ‘ரன் டிரை’ என்று இதே வினையால் சொல்கிறது. தமிழில் ‘வற்றியது’ என்ற ஒரு சொல் போதும். சலவைக் குறிப்பிலிருந்து வந்த ஓர் அட்டை எங்களை வெகுநேரம் நிறுத்திவைத்தது. புதுத் துணியின் நிறம் ‘ரன்’ ஆகலாம், தனியாகத் துவைக்கவும் என்றது அந்தக் குறிப்பு. ‘சாயம் போகலாம்’ என்று ஒருவர் எழுதினார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் தெருவில் துணி துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் அம்மாவிடம் கேட்டேன். “சாயம் போறது வேற, ஒட்டுறது வேறம்மா. போச்சுன்னா அந்தத் துணி மட்டும் வெளுக்கும். ஒட்டுச்சுன்னா கூட ஊறப்போட்டதெல்லாம் கெட்டுப்போயிடும்” என்றார். ஆங்கிலத்தில் வெளுப்பதற்கு ‘ஃபேட்’ என்று தனிச்சொல் இருக்கிறது. ‘ரன்’ என்பது அடுத்த துணியில் ஒட்டுவது. ‘சாயம் இறங்கி மற்றத் துணியில் ஒட்டுதல்’ என்று பதிவில் ஏறியது. அகராதிக்காரர்கள் கேட்க வேண்டிய இடங்களில் நூலகமும் ஒன்று, அவ்வளவுதான்.

எந்திரக் குவியலில் வேறொரு சிக்கல் காத்திருந்தது. பேருந்து ஓடுவதும் ‘ரன்’, பேருந்தை ஒருவர் இயக்குவதும் ‘ரன்’. ஆங்கிலம் சொல்லை மாற்றுவதில்லை. பின்னால் ஒரு பெயர்ச்சொல் வருகிறதா என்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் இதை வினைச்சொல்லுக்கு உள்ளேயே காட்டிவிடுகிறது. தானாக நடந்தால் ஓடு, இயங்கு, நட. இன்னொருவர் நடக்கச் செய்தால் ஓட்டு, இயக்கு, நடத்து. எனவே ஒவ்வொரு பொருளின் கீழும் இந்த இணைகளை இரண்டு வரியாகப் பிரித்துக் கொடுத்தோம். மோட்டார் ஓடுகிறது, மோட்டாரை ஓட்டுகிறார். நிரல் இயங்குகிறது, நிரலை இயக்குகிறார். மென்பொருள் அலுவலகங்களில் ‘ரன் ஆகுது’, ‘ரன் பண்ணு’ என்று பேசும்போது அவர்களும் இதே பிரிவைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கினாலும் தமிழ் இலக்கணம் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

பள்ளியை ஆங்கிலத்தில் ‘ரன்’ செய்வார்கள், நாம் நடத்துகிறோம். அங்கே ஓட்டம், இங்கே நடை. தேர்தலில் அமெரிக்கர் ஓடுகிறார். பிரிட்டனில் ‘ஸ்டேண்ட்’ என்ற வினையைச் சொல்வார்கள், அதாவது நிற்கிறார். நம் வேட்பாளரும் நிற்கிறார். அமெரிக்கத் தேர்தல் செய்தியை மொழிபெயர்க்கும் இதழாளர் இங்கே தயங்க வேண்டியதே இல்லை. ‘அதிபர் பதவிக்கு ஓடுகிறார்’ என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து பார்ப்பார். ‘போட்டியிடுகிறார்’ என்றால் செய்தி போய்ச் சேரும்.

எங்களை மிகவும் சோதித்தது கையிருப்புக் குவியல். வீட்டில் அரிசி தீர்ந்ததை ஆங்கிலத்தில் சொல்லும்போது எழுவாய் வீட்டுக்காரர். அவர்தான் அரிசியிலிருந்து ‘ரன் அவுட்’ ஆகிறார். தமிழில் எழுவாய் அரிசி: ‘அரிசி தீர்ந்துவிட்டது.’ வீட்டுக்காரருக்கு வாக்கியத்தில் இடமே வேண்டாம். காய்ச்சலும் இப்படித்தான். ஆங்கிலத்தில் குழந்தை காய்ச்சலை ‘ரன்’ செய்கிறது. தமிழில் குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. குழந்தை நான்காம் வேற்றுமைக்குப் போய்விட்டது, காய்ச்சல் எழுவாயாகிவிட்டது. பசி எடுப்பதும் தாகம் எடுப்பதும் குளிர் அடிப்பதும் தமிழில் நமக்கு நேர்கின்றன. நாம் செய்வதாகச் சொல்வதில்லை.

இங்கே ‘ரன்’ என்பதற்கு நேராக ‘தீர்’ என்றோ ‘அடி’ என்றோ எழுதிவைப்பதால் பயனில்லை. மாணவர் அதை எடுத்துக்கொண்டுபோய் ‘நாங்கள் அரிசியைத் தீர்ந்தோம்’ என்று எழுதுவார். வாக்கியமே புரண்டு படுக்கிறது என்பதை வாக்கியமாகத்தான் காட்ட முடியும். அதனால் இந்தப் பொருள்களில் தனிச்சொல் தருவதை நிறுத்திவிட்டு முழு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டோம். இடம் அதிகமாகும் என்று அச்சகத்தில் சொன்னார்கள். ஐயா, வேறு எங்கே வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம், இங்கே ஒரு வரியும் போகக்கூடாது என்று உறுதியாக இருந்தார்.

சட்டத்தாள்களில் இந்த வினை வரும்போது விளையாட்டில்லை. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 9ஆம் பிரிவின்படி, வழக்குத் தொடர்வதற்கான காலம் ஒருமுறை ‘ரன்’ ஆகத் தொடங்கினால் பிறகு ஏற்படும் இயலாமை எதுவும் அதை நிறுத்தாது என்பது பொது விதி. இங்கே ‘ஓடத் தொடங்கினால்’ என்று எழுதினாலும் பொருள் கெடாது. தமிழில் காலமும் ஓடும். தண்டனை விஷயத்தில் அப்படி முடியாது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 31ஆம் பிரிவின்படி, ஒரே விசாரணையில் ஒருவருக்குப் பல குற்றங்களுக்காகச் சிறைத் தண்டனை விதித்தால் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கும் என்பது விதியாக இருந்தது. எல்லாம் ஒருசேர ‘ரன்’ ஆகும் என்று நீதிமன்றம் ஆணையிட்டால் மட்டும் சேர்ந்தே கழிந்தன. ஏழாண்டு ஒன்று, மூன்றாண்டு ஒன்று என்றால், முதல் வகையில் பத்தாண்டு, இரண்டாம் வகையில் ஏழாண்டு. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தீர்ப்புகளில் இந்த வினை இன்றும் வருகிறது. ‘தண்டனைகள் ஓடும்’ என்று தமிழில் எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. நம் செய்தித்தாள்கள் ‘தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதுகின்றன. பிழையில்லாத, முழுத் தெளிவான தமிழ். இங்கும் எழுவாய் மாறிவிட்டதைக் கவனிக்க வேண்டும்: ஆங்கிலத்தில் ஓடுவது தண்டனை, தமிழில் அனுபவிப்பவர் தண்டனை பெற்றவர். இந்த வாக்கியத்தை உருவாக்கிய, பெயர் தெரியாத நீதிமன்றச் செய்தியாளருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் பதிவில் அதை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

பிரித்த பொருள்களை எந்த வரிசையில் அடுக்குவது? ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி வரலாற்று வரிசையில் போகிறது. பழைய பொருள் முதலில், புதிய பொருள் கடைசியில். படிக்கிறவருக்கு அது உதவாது. இதில் எங்களுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் கல்வித் துறையில் பணியாற்றி, வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதில் தொடங்கியவர். 1953இல் வெளியிட்ட பொதுச் சொற்பட்டியலில், ஒவ்வொரு சொல்லுக்கும் எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு வருகிறது என்றும் காட்டினார். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, 1942இல் டோக்கியோவில் வெளியான தன் அகராதியில், ஒவ்வொரு வினையும் எந்தெந்த வாக்கிய அமைப்பில் வரும் என்று எண்ணிட்டுக் காட்டினார். நம் ஊர்க் கல்லூரி நூலகங்களில் இன்றும் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி அதன் வழித்தோன்றல். 1987இல் பர்மிங்ஹாமில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்ட் அகராதி, விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது. யார், எதை, எப்படி என்பதெல்லாம் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடும். தாய்மொழியாக ஆங்கிலம் பேசாத பிள்ளைகளை எதிரே வைத்துக்கொண்டு யோசித்ததால்தான் வெஸ்டும் ஹார்ன்பியும் இவற்றைக் கண்டுகொண்டார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாங்கள் காலோட்டத்தை முதலில் வைத்தோம், மாணவர் எதிர்பார்ப்பது அதைத்தான் என்பதால். அதன் பக்கத்திலேயே நீர்மம். அடுத்த இடம் ‘நடத்து’வுக்கு. செய்தித்தாள் அட்டைகளில் மிக அதிகமாக வந்தது அதுதான். பிறகு எந்திரம், காலம், நீளம், கையிருப்பு.

பெயர்ச்சொல்லாக வரும் ‘ரன்’னைத் தனிப் பதிவாக்கினோம். கிரிக்கெட்டில் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் ‘ரன்’ என்றே எழுதுகின்றன. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகள் ‘ஓட்டங்கள்’ என்கின்றன. இரண்டையும் கொடுத்தோம். ‘டிரையல் ரன்’ என்பதற்குச் ‘சோதனை ஓட்டம்’ என்று எழுதிவிட்டு அடுத்த அட்டைக்குப் போகவிருந்த நேரத்தில், குழுவில் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், “புதுத் தேர் செஞ்சா முதல்ல சாமி இல்லாம இழுத்துப் பார்ப்பாங்களே, அதை என்னன்னு சொல்றது?” என்று கேட்டார். வெள்ளோட்டம். கச்சிதமான சொல் நம்மிடமே இருந்தது. பதிவில் அதுவே முதலில் நிற்கிறது.

இந்த வேலை முடியும்போது நாங்கள் ஆங்கிலத்தைவிடத் தமிழைத்தான் அதிகம் தெரிந்துகொண்டிருந்தோம். நம் ‘ஓடு’வும் ஒன்றும் சிறிய சொல்லல்ல. படம் 100 நாள் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, புடவையில் ஜரிகை ஓடுகிறது, சுவரில் விரிசல் ஓடுகிறது. இவற்றுக்கு ஆங்கிலத்திலும் ‘ரன்’ ஓரளவு ஒத்துவரும். ஆனால் பதற்றத்தில் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்பது, யோசனை ஒன்றும் ஓடாமல் உட்கார்ந்திருப்பது, வியாபாரம் இல்லாத கடைக்காரர் ஈ ஓட்டுவது, நண்பனை ஊர் கூடி ஓட்டுவது, இவை எதற்கும் அந்த வினை பயன்படாது. இரண்டு சொற்களின் எல்லைகளும் ஓரிடத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மீதி இடங்களில் தனித்தனியே போகின்றன. எது எங்கே படிகிறது, எங்கே விலகுகிறது என்று சொல்வதுதான் இருமொழி அகராதியின் வேலை.

தமிழுக்குத் தமிழிலேயே பொருள் சொல்லும் அகராதிகளில், 1992இல் வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய வழக்கிலிருந்து வாக்கியங்களைத் திரட்டி எழுதப்பட்டது. எங்கள் மேசையில் எப்போதும் அது திறந்தே இருக்கும். ஆனால் போடு, பிடி, எடு, அடி, விடு, கட்டு போன்ற வினைகளுக்கு இன்னும் நுணுக்கமான வேலை பாக்கி இருக்கிறது. சட்டை போடுகிறோம், சண்டை போடுகிறோம், காப்பி போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், கோலம் போடுகிறோம், தூக்கம் போடுகிறோம். தமிழ் கற்கும் ஒரு வெளிநாட்டவரோ, வெளிநாட்டில் வளரும் நம் பேரப்பிள்ளையோ இந்த ஒரு வினையின்முன் எவ்வளவு திகைப்பார்கள் என்பதை, ‘ரன்’னோடு போராடியவர்கள் சுலபமாகப் புரிந்துகொள்ளலாம்.

ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் எளியது. ஒரு வினைக்கு நேராகப் பத்துத் தமிழ்ச் சொற்களைக் கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். ஐந்து வாக்கியங்களை எழுதுங்கள். ஓடுவது யார், எது என்று பிள்ளைகளை அடிக்கோடிடச் சொல்லுங்கள். அதே செய்தியை வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று கேளுங்கள். அரிசி தீர்ந்துபோனதை எந்த அம்மாவும் பிழையாகச் சொல்வதில்லை. அந்தத் தமிழ் வாக்கியம் பிள்ளையிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில வாக்கியத்தை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பதுதான் ஆசிரியரின் வேலை, அகராதியின் வேலையும்கூட.

அகராதி வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இன்று எங்களிடம் இல்லாத வசதிகள் எல்லாம் இருக்கின்றன. ஒரு விசையைத் தட்டினால் ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் வந்து விழும். அவற்றில் ‘போடு’ வருகிற வாக்கியங்களை எடுத்து, யார் போடுகிறார், எதைப் போடுகிறார் என்று ஓரத்தில் எழுதத் தொடங்குங்கள். தமிழ் வினைகளுக்கு அந்த அளவு பொறுமையோடு எழுதிய பதிவுகள் நமக்கு வேண்டும். அந்த வேலையை நம்மைத் தவிர வேறு யாரும் செய்யப்போவதில்லை.